தியாகி இம்மானுவேல் சேகரனும் எரிந்த வீடுகளின் கணக்கும்

கோவில்பட்டியில் தொடங்கி விளாத்திகுளம், கமுதி வழியாக முதுகுளத்தூர் வரை விரிந்து கிடக்கிறது கரிசல் நிலம். ஆண்டுதோறும் செப்டம்பர் 11ஆம் நாள் இந்நிலத்தின் சிற்றூர்களிலிருந்து மக்கள் பரமக்குடிக்குச் சென்று தியாகி இம்மானுவேல் சேகரனுக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். அவருடைய உயிரிழப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் அதைத் தொடர்ந்து வீடும் விதைத் தானியமும் இழந்த மக்களின் கணக்கை மறந்துவிட்டோம்.

1924 அக்டோபர் 9 அன்று முதுகுளத்தூர் வட்டாரத்துச் செல்லூரில், கிறித்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை வேதநாயகம் ஆசிரியர். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் பங்கேற்று, பதினெட்டு வயதில் சிறை சென்றார். 1945இல் படையில் சேர்ந்து அவில்தாராகப் பணியாற்றினார். நாட்டுக்காகச் சீருடை அணிந்தவர் ஊர் திரும்பியபோது, தேநீர்க் கடையில் தனிக் குவளையும் வயலில் கட்டாய ஊழியமும் அப்படியே இருந்தன. படைப்பணியை விடுத்துத் தேவேந்திரகுல வேளாளர் மக்களை அமைப்பாகத் திரட்டினார். தீண்டாமைக்கு எதிராக ஊர் ஊராகச் சென்று உழைத்தார்.

1957இல் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தல் சாதிப் பகைமையைக் கூர்மையாக்கியது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளுள் ஒருவராக இம்மானுவேல் சேகரன் அமர்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

பின்னர் மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கீழத்தூவலில் காவல்துறை ஐவரைச் சுட்டுக் கொன்றது. தீக்கிரையான வீடுகளில் பெரும்பகுதி தலித் மக்களின் கூரை வீடுகள். மானாவாரிக் கரிசலில் விதைப்புக்கு ஆயத்தமாகும் காலம் அது. குதிரும் விதையும் எரிந்தால், வீட்டோடு அவ்வாண்டின் விளைச்சலும் போயிற்று என்றே பொருள்.

அன்று அம்மக்களுக்குச் சட்டம் தந்த வழி என்ன? 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் எரிந்த வீட்டுக்கு ஈடு கோரும் பிரிவு இல்லை. 1898ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், குற்றவாளி தண்டிக்கப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டால் அதிலொரு பகுதியை இழப்பீடாகத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளித்தது, அவ்வளவே. நள்ளிரவில் தீ வைத்தவன் யாரென்று மெய்ப்பித்து, நீதிமன்றக் கட்டணம் செலுத்தி உரிமையியல் வழக்கு நடத்தக் கூலித் தொழிலாளிக்கு ஏது வகை? ஆகவே அரசு கொடுத்தால் கருணை, கொடுக்காவிட்டால் கேள்வியில்லை என்பதே நிலை.

இந்நிலையை மாற்றியது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1995 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும். ஐந்தே மாதங்களில், ஆகஸ்ட் 31 அன்று, ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையினரே புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் நாசமாக்கினர். வெளிநாட்டு வேலைக்கான கடவுச்சீட்டுகளும் பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ்களும் அழிந்தன. இம்மானுவேல் சேகரன் அமைப்பாகத் திரட்டிய அதே சமூகம் தலைநிமிர்ந்து ஈட்டிய சிறு செல்வமே அங்குக் குறிவைக்கப்பட்டது.

விதி 12(1)இன்படி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்று, உயிரிழப்பையும் உடைமை இழப்பையும் மதிப்பிட்டு, தீருதவிக்கு உரியவர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். எரிந்த வீட்டுக்கு ஈடாக அரசுச் செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித்தர வேண்டும் என்கிறது விதிகளின் இணைப்பு. பட்டா வைத்திருக்க வேண்டும் என்று விதி 12(1) நிபந்தனை விதிக்கவில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின் 15அ பிரிவு, உடைமைச் சேதத்துக்கான தீருதவியைப் பாதிக்கப்பட்டோரின் உரிமைகளுள் வைத்தது.

அதிகாரிகளின் பட்டியலில் விடுபட்டவர் போராடித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும். ஆதலால் தோழர்களே, சம்பவம் நிகழ்ந்த ஊருக்கு முதலில் செல்வோர் நாமாக இருப்பின், நம் பட்டியலை அன்றே எழுதுவோம். வீடு, ஆடுமாடு, விதை, நகை, சான்றிதழ் அனைத்தையும் வீடுவாரியாகக் குறித்து, நிழற்படத்தோடு ஆட்சியரிடம் அளித்து ஒப்புகை பெறுவோம். முதல் தகவல் அறிக்கையில் சட்டப்பிரிவுகளோடு உடைமை இழப்பும் பதிவாகியுள்ளதா என்று பார்ப்போம். மறுக்கப்பட்டால் அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகுவோம்.

இன்னுமொரு குறை தீரவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. ஒரே தெருவில் எரிந்த இரு குடிசைகளில் ஒன்றுக்கு மட்டுமே இச்சட்டத்தின் தீருதவி கிடைக்கும். இம்மானுவேல் எனும் பெயர் தாங்கிய தலைவருக்கு அஞ்சலி செலுத்தும் நாம், அந்த இரண்டாவது குடிசைக்கும் சேர்த்தே வழக்காடக் கடமைப்பட்டுள்ளோம்.