கார்ல் பெர்டினாண்ட் பிரவுன்

கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் (ஜூன் 6, 1850 - ஏப்ரல் 20, 1918) ஜெர்மனியைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். எதிர்மின் கதிர்க்குழாயைக் கொண்டு அலைவுகாட்டியை முதலில் உருவாக்கியவர். கம்பியில்லாத் தந்தி தொடர்பான பணிக்காக 1909 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசை மார்க்கோனியுடன் பகிர்ந்துகொண்டார்.

வாழ்க்கை

புல்டா நகரில் பிறந்த பிரவுன், 1872 இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். சில சல்பைடுப் படிகங்கள் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே எளிதாகக் கடத்துகின்றன என்பதை 1874 இல் கண்டறிந்தார். 1895 இல், அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்திராஸ்பூர்க் நகரின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார்.

பிரவுன் குழாய்

முள் கொண்ட அளவுகருவிகளால் விரைந்து மாறும் மின்னோட்டத்தைப் பின்தொடர இயலாது. முள்ளின் எடை அதைத் தடுக்கும். எதிர்மின்னிக் கற்றைக்கோ எடை ஏறத்தாழ இல்லை. 1897 இல் பிரவுன் இக்கற்றையை ஒரு சுருளின் காந்தப்புலத்தால் மேலும் கீழும் விலகச் செய்து, ஒளிர்திரையில் விழுந்த புள்ளியைச் சுழலும் கண்ணாடியில் நோக்கினார். மாறுமின்னோட்டத்தின் வடிவம் அலைகோடாகத் தெரிந்தது. கற்றையைக் கிடைத்திசையிலும் நகர்த்தும் முறையை அவருடைய உதவியாளர் சென்னெக் பின்னர் சேர்த்தார். இக்குழாய்க்குப் பிரவுன் காப்புரிமை பெறவில்லை.

முதற்குழாயின் ஒளி மங்கலானது. இக்குறை நெடுங்காலம் நீடித்தது. கற்றை விரைந்து செல்லும்போது திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் மிகச்சில எதிர்மின்னிகளே விழுகின்றன. ஒருமுறை மட்டும் தோன்றி மறையும் துடிப்பு கண்ணுக்கே புலப்படுவதில்லை. மின்னழுத்தத்தைக் கூட்டினால் ஒளி கூடும், ஆனால் வேகமான எதிர்மின்னிகளை விலக்குவது கடினம். 1970களின் இறுதியில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 7104 அலைவுகாட்டியில் இதற்கு வேறு வழி காணப்பட்டது. திரைக்குச் சற்று முன்பாக, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட கண்ணாடித் தட்டு ஒன்று வைக்கப்பட்டது. துளையின் சுவரில் மோதும் ஓர் எதிர்மின்னி பலவற்றை வெளியேற்றும். அவையும் மோதி மேலும் பெருகும். விலகல் முடிந்த பிறகே பெருக்கம் நிகழ்வதால் அலையின் வடிவம் கெடுவதில்லை.

இறுதிக்காலம்

1898 முதல் பிரவுன் கம்பியில்லாத் தந்தியில் ஈடுபட்டார். அலைவாங்கியைப் பொறிச் சுற்றிலிருந்து பிரித்துச் சுருள்கள் வழியே இணைத்ததால் செய்தி எட்டும் தொலைவு கூடியது. நோபல் பரிசுக்குக் காரணமானது இப்பணியே, குழாய் அன்று.

1914 இன் இறுதியில், சேவில் வானொலி நிலையம் தொடர்பான காப்புரிமை வழக்கில் சாட்சியளிக்க அமெரிக்கா சென்றார். வழக்கில் எதிர்த்தரப்பு மார்க்கோனியின் நிறுவனம். போர்க்காலமாதலால் அவரால் ஊர் திரும்ப இயலவில்லை. 1917 இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. மறு ஆண்டு, போர் முடியும் முன்பே, நியூயார்க்கின் புரூக்ளினில் காலமானார்.