மன்னிப்பும் விட்டுக்கொடாமையும்: ஃபேனி லூ ஹேமரின் விசுவாசம்

மறுமையைக் காட்டி இம்மையின் அநீதியைச் சகிக்கப் பழக்குவதே மதம் என்னும் குற்றச்சாட்டு பழையது. பல திருச்சபைகளின் வரலாறு அதற்குச் சான்றாகவே நிற்கிறது. ஆனால், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டத்திலிருந்து எழுந்த ஃபேனி லூ ஹேமரின் வாழ்க்கை வேறொன்றைச் சொல்கிறது. பகைவரை வெறுக்க மறுத்த அவர், பகைவரிடம் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

வாரத்துக்கு நிலம் உழுத கறுப்பினக் குடும்பமொன்றில் இருபது பிள்ளைகளுள் கடைசியாக, 1917 அக்டோபர் 6 அன்று அவர் பிறந்தார். ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். விளைச்சலில் பங்கு என்பது பெயரளவில்தான். விதைக்கும் உணவுக்கும் நில உரிமையாளரிடம் பட்ட கடனைக் கழித்தபின் மிஞ்சியது மேலும் கடனே. பள்ளிப்படிப்பு சில ஆண்டுகளில் நின்றது. தந்தை பாப்திஸ்து போதகர். வேதாகமமும் ஞானப்பாட்டுகளுமே ஹேமருக்கு வாய்த்த கல்வி. 1961இல் கட்டி ஒன்றை அகற்ற மருத்துவமனைக்குச் சென்றவரின் கருப்பையையே, அவருடைய இசைவின்றி மருத்துவர் அகற்றினார். ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு அங்கு இக்கொடுமை நேர்ந்தது.

1962 ஆகஸ்டில் ரூல்வில் ஊர்த் தேவாலயத்தில் மாணவர் இயக்கத்தார் கூட்டிய கூட்டத்தில்தான், கறுப்பினத்தவருக்கும் வாக்குரிமை உண்டு என்பதை 44 வயதான ஹேமர் அறிந்தார். அம்மாதம் 31ஆம் நாள் பதினேழு பேருடன் பேருந்தில் இண்டியனோலா சென்று, வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். மாநில அரசமைப்பின் பிரிவொன்றுக்கு விளக்கம் எழுதச் சொல்லி அவரைத் தோற்கடித்தனர். திரும்பும் வழியில், பேருந்தின் மஞ்சள் நிறம் குற்றமெனக் காவலர்கள் அபராதம் விதித்தனர். அஞ்சி அமர்ந்திருந்தவர்களிடையே ஹேமர் ஞானப்பாட்டைத் தொடங்கினார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார் தோட்ட உரிமையாளர். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டு அன்றிரவே அவர் வெளியேறினார். சில நாள்களில், அவர் தங்கியிருந்த வீட்டின் மீது பதினாறு குண்டுகள் பாய்ந்தன.

1963 ஜூன் 9 அன்று, பயிற்சி முகாமிலிருந்து திரும்பும்போது வினோனா நகரில் தோழர்களுடன் அவர் கைதானார். காவலர்களின் கட்டளைக்குப் பணிந்து, இரண்டு கறுப்பினக் கைதிகளே மாறி மாறி அவரை அடித்தனர். ஒடுக்கப்பட்டவரின் கையைக் கொண்டே ஒடுக்கப்பட்டவரை அடிப்பிக்கும் அம்முறை நமக்கும் அந்நியமானதன்று. சிறுநீரகம் சிதைந்தது, கண்ணில் ஏற்பட்ட பாதிப்பு இறுதிவரை நீங்கவில்லை. சிறையில் அவர் பாடினார். தண்ணீர் கொடுத்த சிறைக்காவலரின் மனைவியிடம் இரண்டு வேதவசனங்களைப் படிக்கச் சொன்னார். மூடிவைத்த பகைமை ஊரறிய அம்பலமாகும் என்பது ஒன்று. மனித இனங்கள் யாவும் ஒரே இரத்தத்தால் ஆனவை என்னும் அப்போஸ்தலர் நடபடிகள் 17:26 மற்றொன்று. அடித்தவர்களை வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு விடுவித்தது.

1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டின் குழு முன்பு இவை அனைத்தையும் அவர் எடுத்துரைத்தார். தொலைக்காட்சியின் கவனத்தைத் திருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைச் சந்தித்தார். ஆயினும் அன்றிரவே அச்சாட்சியம் நாடெங்கும் ஒளிபரப்பானது. கறுப்பினப் பிரதிநிதிகள் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு இரண்டே இடங்கள் தர முன்வந்தனர். மூத்த தலைவர்கள் சிலர் ஏற்கும்படி அறிவுறுத்தினர், ஹேமர் மறுத்தார். பேசவந்த செனட்டர் ஹம்ஃப்ரியிடம், மிசிசிப்பிக் கறுப்பின மக்களின் உயிரைவிட உமது பதவி பெரிதா என்று கேட்டார். அவருக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார். மன்னிப்பு வேறு, சமரசம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. ஆயினும், வாக்களித்தவரை நிலவுடைமையாளர் பட்டினியால் பழிவாங்க முடிந்தது. எனவே 1969இல், நாற்பது ஏக்கரில் தொடங்கி விடுதலைப் பண்ணை என்னும் கூட்டுறவை ஹேமர் அமைத்தார். குடும்பங்களுக்குப் பெண்பன்றி வழங்கி, ஈனும் குட்டிகளில் இரண்டைத் திரும்பப் பெற்று வேறு குடும்பங்களுக்கு அளிக்கும் திட்டமும் நடந்தது. பணமின்றி 1970களின் நடுவில் பண்ணை நொடித்தது. 1977 மார்ச் 14 அன்று, 59 வயதில், புற்றுநோயால் ஹேமர் வறுமையிலேயே மறைந்தார்.

போராட்டக் காலத்தில் ஒதுங்கி நின்ற போதகர்களை, கறுப்பினத்தவராயினும், அவர் கடிந்துகொள்ளத் தயங்கவில்லை. கட்டுண்டவர்களின் விடுதலைக்காக வந்த கிறிஸ்துவைப் பிரசங்கிப்பவர், வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கும் உடன் வரவேண்டும் என்பதே அவர் நிலை. அக்கோரிக்கை மிசிசிப்பியோடு முடிந்துவிடவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரைப் பிரித்து எழுப்பிய சுவர், ஒரே இரத்தம் என்னும் வசனத்தை நாள்தோறும் வாசிக்கும் திருச்சபைக்குள்தான் எழுந்தது. வசனத்தை நம்புகிறவரின் கடமை சுவரருகே நின்று ஜெபிப்பதோடு நிறைவு பெறாது. அதை இடிக்கும்வரை தொடரும்.