பந்தயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்

1931-ம் ஆண்டு ஜூன் 3-ம் தேதி. லண்டனுக்கு அருகே எப்சம் என்ற ஊரில் டெர்பி குதிரைப் பந்தயம். உலகப் புகழ் பெற்ற பந்தயம் என்பதால் மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். குதிரைகள் ஓடி முடிக்கும் இடத்துக்கு எதிரே ஒரு கூண்டு வண்டி நின்றிருந்தது. அதன் கதவில் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி. பந்தயம் பார்க்க வந்த இடத்தில் கண்ணாடி எதற்கு என்று பலர் குழம்பியிருப்பார்கள்!

அந்தக் கண்ணாடியில் விழுந்த காட்சிதான், அன்று லண்டனில் சிலர் வீட்டுப் பெட்டியில் தெரிந்தது. மைதானத்தில் நடக்கும் பந்தயத்தை நடக்கும்போதே வீட்டில் இருந்து பார்க்க வைத்தவர் ஜான் லோகி பெயர்டு.

பெயர்டு, ஸ்காட்லாந்து நாட்டில் ஹெலன்ஸ்பரோ என்ற கடற்கரை ஊரில் 1888-ம் ஆண்டு ஆகஸ்ட் 13-ம் தேதி பிறந்தார். அப்பா பாதிரியார். பெயர்டு நோஞ்சான் பிள்ளை. சளியும் காய்ச்சலும் அவரை விட்டுப் போனதே இல்லை. ஆனால் கை சும்மா இருக்காது. சிறுவனாக இருந்தபோதே தன் வீட்டில் இருந்து நண்பர்களின் வீடுகளுக்குக் கம்பி இழுத்து, சொந்தமாகத் தொலைபேசி அமைத்தார். ஒரு புயல் இரவில் கம்பி தாழ்ந்து தொங்கி, வண்டிக்காரர் ஒருவரைத் தட்டிவிட்டது. அதோடு அந்த விளையாட்டு முடிந்தது.

பெரியவரான பிறகு மின்சாரக் கம்பெனி வேலை, காலுறை வியாபாரம், சோப்பு வியாபாரம் என்று எதையெல்லாமோ செய்தார். டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் கூடக் காய்ச்சினார். ஜாமை மொய்த்த பூச்சிகள்தான் லாபம் அடைந்தன!

1923-ல் உடம்பு தேற ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் தங்கினார். அங்கேதான் தொலைக்காட்சி ஆராய்ச்சி தொடங்கியது. கையில் காசு இல்லை. தேயிலைப் பெட்டி, தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டி, தையல் ஊசிகள், சைக்கிள் விளக்கின் லென்ஸ், அரக்கு – இவைதான் அவருடைய கருவிகள். ஒருநாள் மின்சாரம் தாக்கித் தூக்கி எறியப்பட்டார். கை வெந்தது. வீட்டுக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். லண்டனுக்கு வந்து ஒரு மாடி அறையில் மறுபடியும் ஆரம்பித்தார். 1926 ஜனவரி 26-ம் தேதி விஞ்ஞானிகளை அழைத்து, மனித முகத்தைத் திரையில் காட்டினார். ஊரே பேசியது.

அவருடைய வழி இதுதான். ஒரு காட்சியை அப்படியே மொத்தமாக அனுப்ப முடியாது. கோடு கோடாக வெட்டி, ஒவ்வொரு கோட்டிலும் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்பதை மின்சாரமாக மாற்றி அனுப்ப வேண்டும். மறுமுனையில் அதே வேகத்தில் கோடுகளை அடுக்கினால் படம் கிடைக்கும். எப்சம் வண்டிக்குள் 30 சின்னக் கண்ணாடிகள் பதித்த உருளை ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. ஒரு கண்ணாடிக்கு ஒரு கோடு. அங்கிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக லண்டனுக்குப் போய், பி.பி.சி. வானொலி நிலையத்தில் இருந்து காற்றில் பரவியது.

படம் எப்படி இருந்தது? உண்மையைச் சொன்னால், மோசம்தான். 30 கோடு எங்கே, இப்போது நம் வீட்டு எச்.டி. படத்தில் இருக்கும் 1080 கோடு எங்கே! படம் உள்ளங்கையை விடச் சின்னது. அதுவும் ஆரஞ்சு நிறத்தில். போதாததற்கு உயரமாக, ஒடுக்கமாக இருக்கும். குதிரையோ குறுக்கே ஓடுகிறது! தலை நுழைவதும் வால் மறைவதும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கேமரோனியன் என்ற குதிரை ஜெயித்தது. படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

பெயர்டு விடவில்லை. அடுத்த ஆண்டு டெர்பியில், காட்சியை மூன்று துண்டாகப் பிரித்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டினார். இந்த முறை லண்டன் மெட்ரோபோல் சினிமா தியேட்டரில், பெரிய திரையில்! குதிரைகள் ஓடி வந்ததைப் பார்த்துக் கூட்டம் ஆரவாரம் செய்தது. மேடைக்கு அழைக்கப்பட்ட பெயர்டுக்கு மகிழ்ச்சியில் பேச்சே வரவில்லை.

ஆனால், வேறு ஆராய்ச்சிக்கூடங்களில் கண்ணாடியும் உருளையும் இல்லாத, முழுக்க மின்னணுவால் இயங்கும் கேமரா தயாராகிக்கொண்டிருந்தது. 1936 ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக் நடந்தது. நகரில் பல கூடங்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்து மக்களுக்குப் போட்டிகளைக் காட்டினார்கள். அங்கே இரண்டு முறைகள் பயன்பட்டன. ஒன்று, மின்னணு கேமரா. இன்னொன்று, சினிமாப் படமாகப் பிடித்து, வண்டிக்குள்ளேயே கழுவி, சுமார் ஒரு நிமிடம் கழித்து ஒளிபரப்புவது. இரண்டாவது முறையைச் செய்த ஃபெர்ன்சே என்ற கம்பெனி 1929-ல் தொடங்கப்பட்டபோது, பெயர்டின் கம்பெனியும் அதில் பங்காளி.

அதே ஆண்டு நவம்பரில் பி.பி.சி. முறையான ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர்டின் 240 கோட்டுப் படம் ஒரு வாரம், போட்டிக் கம்பெனியின் 405 கோட்டுப் படம் மறு வாரம் என்று மாற்றி மாற்றி வந்தது. பெயர்டு தரப்பிலும் ஸ்டூடியோவில் சினிமாப் படம் எடுத்துக் கழுவும் முறைதான். கேமராவுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, ரசாயனம், அதில் சயனைடு விஷம் வேறு! கேமராவைத் தரையோடு சேர்த்து முடுக்கிவிட்டார்கள். அசைக்க முடியாது. எதிராளியின் கேமராவையோ எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம். நவம்பர் 30-ம் தேதி இரவு, பெயர்டின் ஆராய்ச்சிக்கூடம் இருந்த கிரிஸ்டல் பேலஸ் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. 1937 பிப்ரவரியில் அவருடைய முறை கைவிடப்பட்டது. வெளியே போய்ப் படம் பிடித்துக் காட்டியவர், வெளியே போக முடியாத கேமராவால் தோற்றார் என்பதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூனில் விம்பிள்டன் டென்னிஸை ஒளிபரப்பியவை எதிராளியின் கேமராக்கள்.

பெயர்டு தன் சொந்தச் செலவில் வண்ணத் தொலைக்காட்சி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். போர் காரணமாக நிறுத்தப்பட்டிருந்த பி.பி.சி. தொலைக்காட்சி 1946 ஜூன் 7-ம் தேதி மறுபடியும் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து, ஜூன் 14-ம் தேதி, பெக்ஸ்ஹில் என்ற ஊரில் பெயர்டு இறந்தார். அவருக்கு வயது 57.

இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. ஒளிபரப்பு உரிமைக்கு ஆயிரம் கினி தருவதாக பி.பி.சி. ஒப்புக்கொண்டது. வெம்ப்ளி மைதானத்தில் கேமராக்கள் நின்றன. லண்டனைச் சுற்றியுள்ள வீடுகளில் மக்கள் உட்கார்ந்த இடத்தில் இருந்தே ஓட்டப் பந்தயங்களைப் பார்த்தார்கள். அந்தப் படத்தில் 405 கோடுகள் இருந்தன.