கல்லுக்கு ஊர் எழுதியவர்

நெய்வேலி நிலத்தில் துளையிட்டு எடுக்கப்பெறும் பழுப்பு நிலக்கரி மாதிரி, எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்னும் குறிப்போடுதான் ஆய்வுக்கூடம் சேரும். குறிப்புத் தொலைந்தால் எஞ்சுவது வெறும் கரித்துண்டு. அதை எரிக்கலாம், படுகையின் போக்கை அதனிடம் கேட்டறிய இயலாது. இதே ஒழுங்கை, ஆதிமனிதன் செதுக்கிய கற்களிடத்தும் கடைப்பிடித்தவர் இராபர்ட் புரூஸ் பூட்.

1834இல் இங்கிலாந்தில் செல்டன்காம் நகரில் பிறந்த பூட், 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். வில்லியம் கிங் என்பாருடன் திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகளை ஆராய்ந்து, பாறைகளின் அமைப்பைப் பதிவு செய்தார். நெய்வேலியும் அந்நாளைய தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. ஆயினும் அதன் கரிப்படுகை வெளிப்படப் பல்லாண்டுகள் இருந்தன.

1863 மே 30 அன்று, பல்லாவரத்துப் படைத்திடலில் இருந்த சரளைக் குழியொன்றில் செதுக்கிய கல்லொன்று அவர் கண்ணிற்பட்டது. அது பழைய கற்கால மனிதனின் கருவி என அவர் உணர்ந்தார். அதுவரை இந்தியாவில் அத்தகைய கருவியை எவரும் இனங்காணவில்லை. மேசைக்கு அழகு சேர்க்கும் பொருளாக வேறொருவர் அதை வைத்துக்கொண்டிருக்கக்கூடும். பூட்டோ, கல் கிடந்த படிவத்தின் இயல்பையே முதலில் ஆராய்ந்தார். தனித்த ஒரு கல், தற்செயலாய் உடைந்தது என்று ஒதுக்கப்படலாம். ஓர் அடுக்கினுள் பொதிந்து கிடந்த கல்லை அவ்வாறு ஒதுக்குதல் எளிதன்று. அதே ஆண்டு செப்டம்பரில், கொசத்தலையாற்றுச் சமவெளியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அவரும் கிங்கும் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தனர்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேடல் ஓயவில்லை. 1891இல் ஓய்வு பெற்ற பின்னரும் பரோடா, மைசூர் அரசுகளுக்காக நிலவியற்பணி செய்தவாறே கற்களையும் சேர்த்தார். தென்னிந்தியாவிலும் குசராத்திலும் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய அத்தொகுப்பை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. உண்மையில் அது வாங்கியது கற்களை மட்டுமன்று. கற்களுக்கு உரிய ஊர்களையும் சேர்த்தே வாங்கியது.

1912இல் பூட் மறைந்தார். ஏற்காட்டுத் திருச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் நினைவுச்சின்னம் உள்ளது. தம் தொகுப்புக்கு அவர் எழுதிய விளக்க அட்டவணை 1914இலும், கருவிகளின் காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916இலும் நூல்களாயின.

அத்திரம்பாக்கத்தின் பெயர் பதிவில் நின்றமையால், ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் அறிஞர்கள் அவ்விடத்தைத் தேடிச் சென்று அகழ முடிந்தது. அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையானவை என 2011இல் வெளியான ஆய்வு அறிவித்தது.