பொன் பூசியவருக்குக் கிடைக்காத கூலி

எங்கள் அப்பு நகைவேலை செய்தவர். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவை இரண்டு: துணியில் சுற்றிய சிற்றுளிகள், ஒரு கடன் கொப்பி. யாருக்கு என்ன செய்து கொடுத்தார், யார் எவ்வளவு தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் பாக்கி கடைசிவரை வரவில்லை. தரவேண்டியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. கொப்பி இப்போது பரிஸில் என்னிடம் இருக்கிறது.

அதை நான் 2017இல் மீண்டும் எடுத்துப் பார்த்ததற்குக் காரணம், இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு பிரெஞ்சுக் கைவினைஞர். பெயர் பியேர் குத்தியேர். அந்த ஆண்டு பரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய வேலைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள். சீனப் பீங்கான் சாடிகளின் அடியிலும் வாயிலும் கைபிடியிலும் பொன்முலாம் பூசிய வெண்கல வேலைப்பாடு செய்தவர்களில் முதல்வரிசையில் வைக்கப்படுபவர் இவர்.

குத்தியேர் 1732இல் பிரான்சின் கிழக்கே பார்-சூர்-ஓப் என்ற சிறு ஊரில் பிறந்தார். தகப்பன் குதிரைச் சேணம் செய்பவர். பரிசுக்கு வந்து பொன்முலாம் பூசும் பட்டறை ஒன்றில் வேலை பழகினார். முதலாளி இறந்தபின் அவருடைய மனைவியை மணந்து, 1758இல் தானே தொழில் உரிமை பெற்ற ஆசானாகிப் பட்டறையை நடத்தத் தொடங்கினார்.

சீனத்துச் சாடிக்குப் பிரெஞ்சு வெண்கலம் எதற்கு என்று கேட்கலாம். கெட்டியான வெண்பீங்கான் செய்யும் வித்தை நெடுங்காலம் ஐரோப்பாவுக்குத் தெரியாது. கன்ரன் துறைமுகத்தில் வாங்கிய பீங்கானை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்கள் லோரியோன் துறைக்குக் கொண்டுவந்தன. அங்கே ஏலத்தில் விற்பார்கள். பரிஸ் வணிகர்கள் அவற்றை வாங்கி, பிரபுக்களின் மாளிகைக்குப் பொருந்தும்படி வெண்கல வேலைப்பாடு சேர்ப்பிப்பார்கள். அது விளிம்பு உடையாமல் காத்தது. வெறும் சாடியை நீர்க்குடுவையாகவோ வாசனைக் கலமாகவோ மாற்றவும் செய்தது. அதற்காகச் சில சாடிகளை வெட்டினார்கள், துளையும் இட்டார்கள்.

வேலை கடுமையானது. வெண்கலத்தை வார்த்தபின் சிற்றுளியால் இலையும் பூவும் நரம்பு தெரியச் செதுக்கவேண்டும். பிறகு தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பசையாக்கி, மேலே பூசி, கரி நெருப்பில் காட்டவேண்டும். பாதரசம் ஆவியாகிப் போக, பொன் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி நஞ்சு. அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பல் விழும், நரம்பு தளரும். பளபளக்கும் பொன்னுக்குப் பக்கத்திலேயே பளபளப்பில்லாத மென்பொன்னை நிறுத்தும் முறையைச் சிறப்பாகக் கையாண்டவர் என்று குத்தியேருக்குப் பெயர்.

1767இல் அவருக்கு அரண்மனை வேலை கிடைத்தது. ஓமோன் கோமகன் அவருடைய பெரிய ஆதரவாளரானார். கோமகன் இறந்தபின், 1782இல் அவருடைய சேகரிப்பு ஏலம் போனது. குத்தியேரின் வேலைகளுக்கு மட்டும் ஏலப் பட்டியலில் அவருடைய பெயரின் முதலெழுத்தைப் பதித்திருந்தார்கள். பதினாறாம் லூயி மன்னர் பல பொருட்களை வாங்கினார். சூரியகாந்தக் கல்லில் செய்த வாசனைக் கலம் ஒன்றை அரசி மரி அந்துவானெத் 12,000 லீவர் கொடுத்து எடுத்தார். அது இன்று இலண்டன் வாலஸ் சேகரிப்பில் இருக்கிறது. அந்த 12,000 கோமகனின் வாரிசுகளுக்குரியது. செய்தவருக்கு அதில் பங்கில்லை.

அவருடைய இன்னொரு பெரிய வாடிக்கையாளர் பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மதாம் டு பரி. லூவ்சியென் என்ற இடத்தில் அவருக்காகக் கட்டிய மண்டபத்துக்குக் கதவுக் குமிழ் வரை குத்தியேரின் பட்டறையே செய்து கொடுத்தது. தங்கம் வாங்கியதும் வேலையாட்களுக்குக் கூலி கொடுத்ததும் குத்தியேர். கணக்கோ தீர்க்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இதற்கிடையில் பெரிய வீடொன்று கட்டி அவர் தானும் கடன்பட்டார். அந்த வீடு, எம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்குத் தெற்கே, பத்தாம் வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது. இப்போது அது ஓர் இசைப் பள்ளி. 1780களின் பிற்பகுதியில் குத்தியேர் முறிந்துபோனார்.

பிறகு புரட்சி வந்தது. 1793 டிசம்பரில் மதாம் டு பரியின் தலை வெட்டப்பட்டது. சொத்துகளை அரசு எடுத்துக்கொண்டது. கடன்பட்டவர் போய்விட்டார். கடனை யாரிடம் கேட்பது? பற்றுச்சீட்டுகளோடு குத்தியேர் புதிய அரசின் வாசலில் நின்றார். அரண்மனைக்கு வேலை செய்தவரின் கூலி, புதிய ஆட்சிக்கு அவசரமான விடயம் அல்ல. மனு மேல் மனு எழுதி, 1813இல், எண்பதைத் தாண்டிய வயதில், வறுமையில் இறந்தார். அவருக்குப் பிறகு மகன் அந்த வழக்கைத் தொடர்ந்தார்.

அலுவலகம் அலுவலகமாகப் படிவம் நிரப்பிய எங்கள் சனத்துக்கு இந்தக் கதையில் புரியாதது ஒன்றுமில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்று. குத்தியேர் தன் வேலைகளில் பெயர் பொறித்தது மிக அரிது. இன்று எது அவர் கைவேலை என்று அறிய ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது, அவர் வரிவரியாக எழுதிக் கொடுத்த அந்தக் கணக்குச் சீட்டுகளைத்தான். பணம் பெற்றுத் தராத தாள்கள், ஒரு மனிதரின் உழைப்புக்குச் சாட்சியாக நின்றுவிட்டன.

அன்று வீட்டுக்கு வந்து அப்புவின் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்தேன். பாக்கி கேட்பதற்கு அல்ல. அவர் செய்த காப்பும் சங்கிலியும் விற்றதும் அடகு போனதும் தொலைந்ததுமாகிவிட்டன. அவற்றைச் செய்தவர் இவர் என்று சொல்ல அந்தக் கொப்பியை விட்டால் வேறு எதுவும் இல்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படியொரு பழைய கொப்பியோ துண்டுச் சீட்டோ இருக்கக்கூடும். பயனில்லாதது என்று எறிந்துவிடாதீர்கள்.