திலகவதியாரின் திருவலகு

அப்பர் சுவாமிகள் திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்தார். பெற்றோரும், தமக்கு மணம் பேசிய கலிப்பகையாரும் மறைந்தபின், உயிர்விடத் துணிந்த அக்கா திலகவதியார் தம்பிக்காகவே வாழ்ந்தார். தம்பியோ சமணம் சேர்ந்து தருமசேனரானார்.

அக்கா திருவதிகைக் கோயிலில் நாள்தோறும் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டித் தம்பிக்காக வேண்டினார். சூலை நோயால் துடித்த தம்பி ஓர் இரவு அவரிடமே வந்தார். விடியுமுன் திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக் கோயிலுக்குப் புறப்பட்ட அக்கா, அவரையும் அழைத்துச் சென்றார் என்கிறது பெரியபுராணம்.

அங்கே பாடி நோய் நீங்கியவர் திருநாவுக்கரசரானார். ஊர் ஊராக உழவாரம் ஏந்திப் புல் செதுக்கினார். அவர் பாடல்கள் 4, 5, 6ஆம் திருமுறைகளாயின.

அன்பர்களே, கோயிலில் துடைப்பம் எடுக்கும்போது திலகவதியாரை நினைப்போம்.