வானில் ஒரு கண்ணாடி!

குட்டீஸ்... இரவில், சிற்றலை ரேடியோவில் வெளிநாட்டு நிலையம் கேட்கிறதே, எப்படி? சூரியனின் புற ஊதாக் கதிர்கள், மேல் வளிமண்டலக் காற்றில் இருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து விடும். மின்னேற்றம் பெற்ற அந்த அடுக்கு, ரேடியோ அலைகளைக் கண்ணாடி போல் திருப்பி அனுப்பும்.

இரவில் எலக்ட்ரான்கள் மீண்டும் ஒட்டிக் கொள்ளும். எந்த வாயுவில், எவ்வளவு வேகத்தில்?

இந்தக் கணக்கில் மூழ்கியவர், சிசிர் குமார் மித்ரா. 1890ல், வங்காளத்தில் பிறந்தார். தந்தை நோயில் விழ, டாக்டரான தாயின் சம்பளத்தில் தான் குடும்பம் நடந்தது. கோல்கட்டாவில் சி.வி.ராமனிடமும், பின் பாரிசிலும் ஆராய்ச்சி செய்தார்.

ராக்கெட் அங்கே போகாத காலம் அது! தரையில் இருந்து அலையை அனுப்பி, எதிரொலியை வைத்தே கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் திரட்டி, பெரிய நூல் எழுதினார். அச்சிட பதிப்பகங்கள் தயங்கின. 1947ல், ஏசியாட்டிக் சொசைட்டி வெளியிட்டது. பின், ரஷ்ய மொழியிலும் வந்தது.

மித்ரா, 1963ல் மறைந்தார். நிலாவின் மறுபக்கத்தில், அவர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது!